இல்லாத புடவையை விற்ற ப்ளகின்

செவிலிமேட்டுச் சுகாசினி நான்கு வருடம் ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தவள். அந்தப் பயணத்திலேயே செல்போனில் பார்த்துப் பார்த்து புரோகிராமிங் கற்றாள். இப்போது பிரேம்நாத்தின் பட்டுக்கடை இணையதளத்துக்கு எல்லாமே அவள் ஒருத்திதான்.

அந்த மாதம் மூன்று புடவைகள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு பேருக்கு, இணையதளத்தில் விற்றுப்போயின. கைத்தறிப் புடவை, அந்த நிறத்தில், அந்தக் கரையில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். மூன்றாவதை முகூர்த்தத்துக்கென்று எடுத்து, கிடைக்காமல் போன பெண் போனில் அழுதாள்.

"இல்லாத பொடவைய சைட் விக்காது. அப்போ ரெண்டு இருந்துருக்குது. இன்னொண்ணு எங்கமா போச்சு?" ஸ்டாக் ரூம் பொறுப்பிலிருந்த அம்சவேணியிடம் பிரேம்நாத் எல்லோர் எதிரிலும் கேட்டார்.

பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தவர் அம்சவேணி. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சுகாசினிக்குத் தன் வேலைமேலேயே சந்தேகம் வந்தது. இணையதளத்தின் அடித்தளமான ஃப்ரேம்வொர்க்கைப் போன மாதம்தான் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தாள். உட்கார்ந்து தேடினாள். 'கூடையில் சேர்' என்று அழுத்தினால் நடக்க வேண்டியதைக் அதிலுள்ள கண்ட்ரோலர் என்ற பகுதி பார்த்துக்கொள்ளும். புடவைத் தலைப்பில் குஞ்சம் கட்டித் தர வேண்டுமா என்று கேட்பதற்காக, இரண்டு வருடம் முன்பு ப்ளகின் என்ற கூடுதல் நிரல் ஒன்றை எழுதி, அந்த வேலை முழுவதையும் தன் நிரலுக்குத் திருப்பியிருந்தாள். சரக்கு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை முன்பு வேறிடத்தில் இருந்தது; புது வெர்ஷனில் அதைக் கண்ட்ரோலருக்குள் கொண்டுவந்திருந்தார்கள். அவளுடைய பழைய நிரல் குறுக்கே நின்றதால் அந்தச் சோதனை ஒரு தடவைகூட நடக்கவில்லை.

அப்டேட்மேல் பழியைப் போட்டிருக்கலாம். குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆளில்லை.

"சார், தப்பு என்னோடது. அம்சவேணி அக்கா எதையும் எடுக்கல."

பிரேம்நாத் மேசைமேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து டிராயரில் போட்டார். "சரி பண்ணிடு. அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு."

"அவங்கள அப்படிக் கேட்டது நீங்கதானே சார்?"

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

குஞ்சத்தை மட்டும் குறித்துக்கொண்டு, மீதியை மூல கண்ட்ரோலரிடமே விட்டுவிடும்படி ப்ளகினைத் திருத்தினாள். முகூர்த்தப் பெண் வீட்டுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, வசவு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் திருப்பருத்திக்குன்றத்தில் அம்சவேணி வீட்டு வாசலில் நின்றாள்.

"நீ வந்து சொன்ன, நல்லாரு," என்றார் அம்சவேணி. "எல்லாரு எதிர்லயும் கேட்டாரு இல்ல? எல்லாரு எதிர்லயும் அவரு சொல்லட்டும்மா."

பிரேம்நாத் அம்சவேணியிடம் போனில் வருத்தம் சொன்னார். கடையில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை சுகாசினியே கடைப் பெண்களைக் கூப்பிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள், நம்பினார்களா என்று தெரியவில்லை.

அம்சவேணி வேறு கடையில் சேர்ந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் சிரிக்கிறார். நின்று பேசுவதில்லை.