கர்னல் புதைத்த போர்க்களம்

கர்னலுக்கும் ராணுவத்துக்கும் இருந்த ஒரே உறவு, வாலிப வயதில் ஆளெடுப்பு முகாமில் ஒரு மரச்சட்டத்துக்கு அடியில் போய் நின்றதுதான். உயரம் அரை அங்குலம் போதவில்லை. போய் வா தம்பி என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவர் பல வருடம் மின்விசிறி விற்றார். பிறகு எப்படியோ பழைய வாள், குத்துவாள், படைப்பிரிவுகளின் விருந்துக்கூடங்களில் பந்தாவாக அடுக்கியிருந்த வெள்ளிக் கோப்பை, தட்டு, கரண்டி என்று வாங்கி விற்கும் தொழிலுக்கு வந்து சேர்ந்தார். மீசை வளர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் வாய் தவறி கர்னல் என்று கூப்பிட, இவர் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அது அவரிடம் நிறையவே இருந்தது.

வீட்டின் முன்னறைதான் கடை. சுவரெல்லாம் வாள்கள், கண்ணாடி அலமாரியில் வெள்ளி. வருகிறவர் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே கர்னல் ஆரம்பித்துவிடுவார். இந்த வாள் எந்த ஆற்றை நீந்திக் கடந்தது, இந்தக் கோப்பையில் கடைசியாகக் குடித்த அதிகாரி விடிந்ததும் எப்படி விழுந்தான் என்று அவர் சரடு விட்டால், கேட்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தக் கோப்பை, கலைந்துபோன ஓர் இறகுப்பந்து மன்றத்தில் இரட்டையர் ஆட்டத்துக்கு இரண்டாம் பரிசாகக் கொடுத்தது. ஜெயித்தவர்களின் பெயரை அரத்தால் ராவிவிட்டு, படைப்பிரிவின் எண்ணையும் ஒரு கழுகையும் பொறிக்க வைத்திருந்தார். புது வெள்ளி பளபளக்குமே என்று கேட்பீர்கள். அவித்த முட்டையை உடைத்து அதோடு டப்பாவில் போட்டு மூடி வைத்தால் வெள்ளி தானாகக் கறுத்துவிடும். அந்த வீட்டில் எந்நேரமும் அடித்த முட்டை நாற்றத்துக்கு வேறு காரணம் கிடையாது.

இரும்புக்கு வேறு வைத்தியம். பட்டறையில் அடித்து வாங்கிய கத்தியில் உப்பையும் வினிகரையும் தேய்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, மண்ணில் புதைத்துவிடுவார். இரண்டு மழைக்காலம் போனதும் எடுப்பார். பிறக்கும்போதே முந்நூறு வயது. கைப்பிடிக்கு மட்டும் புது மரம் உதவாது, பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அந்த வீட்டில் நாலு காலோடு நின்ற நாற்காலியே குறைவு. மகள் பிறந்தபோது மனைவியின் அப்பா தன் கையால் செய்து கொடுத்த தேக்குத் தொட்டில் பரணில் இருந்தது. பேரக் குழந்தைக்கு ஆகும் என்று மனைவி பத்திரப்படுத்தியிருந்தார். ஒருநாள் தேடியபோது அது இல்லை. கரையான் அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார் கர்னல். கரையான் வந்து மறுக்கவா போகிறது?

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் ஓர் அசல் வாளும் இருந்தது. ஓர் அதிகாரியின் மகன் விற்றுவிட்டுப் போனது. அப்பா இதை அணிவகுப்பில் இடுப்பில் தொங்கவிட்டதோடு சரி, உறையைவிட்டு உருவியதே இல்லை என்று அந்தப் பையன் நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்துவிட்டதால், கர்னலும் உள்ளதை உள்ளபடியே சொல்லி விற்கப் பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை. மூலையில் குடைகளுக்குப் பக்கத்தில் அது நின்றது.

அவருடைய முதல்தர வாடிக்கையாளர் பல் டாக்டர். மருத்துவமனையில் நோயாளிகள் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கூடம் முழுக்க கர்னல் விற்ற வாள்கள்தான். உள்ளே கூப்பிடுவதற்குள் பாதிப் பேருக்கு வலி பயத்தில் போய்விடும். டாக்டர் படித்தவர், ஒன்றையும் சும்மா நம்ப மாட்டேன் என்று அடிக்கடி சொல்லுவார். அப்படிச் சொல்லுகிறவர்கள் தலையில்தான் மிளகாய் அரைக்க வசதி என்பது கர்னலுக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்து அவருடைய நண்பர்களும் வாங்கினார்கள். தொழிலே அந்த ஒரு நம்பிக்கையில் நின்றது.

மனைவிக்கு அவருடைய அப்பா வழியில் வந்த ஒரு மனை ஊர்க்கோடியில் கிடந்தது. மகள் பள்ளி ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போயிருந்தாள். அந்த மனையில் இரண்டு அறை எழுப்பிக்கொள் என்று அம்மா சொல்ல, மகளும் மருமகனும் வங்கிக் கடனுக்கு அலைந்து வாங்கிவிட்டார்கள். செங்கல் வந்து இறங்கியது. அந்தம்மா தன் வாழ்நாளில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"கத்தி கபடா இல்லாம ஒரு வீடு. அதுல போய் நான் கொஞ்ச நாள் உக்காரணும்" என்றார்.

கர்னல் தலையை ஆட்டினார். கொல்லையில் இடமில்லாமல் போன காலத்தில் அதே மனையில்தான் சில சாக்குகளைப் புதைத்து எடுத்தார் என்பதை வீட்டில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்தாயிற்றே. ஒரு சாக்கு மட்டும் அடையாளக் கல் இடம் மாறிப்போனதில் அகப்படவில்லை. எவனோ திருடிக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு செய்து, உலகத்தில் நாணயமே இல்லை என்று ஒரு வாரம் புலம்பித் தீர்த்திருந்தார்.

அஸ்திவாரம் தோண்டிய அன்று கர்னல் பல் டாக்டருக்கு ஒரு வெள்ளி உப்புச்சிமிழை விற்றுக்கொண்டிருந்தார். தொலைபேசி வந்தது. பேசியவர் தொல்பொருள் அலுவலர். புதிதாக மாற்றலாகி வந்தவர். இதுவரை அவர் கண்டெடுத்ததெல்லாம் உடைந்த பானை ஓடு, உடையாத பானை ஓடு என்ற இரண்டே வகைதான். ஓர் இடத்தில் ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன, போலீஸ் எங்களிடம் ஒப்படைத்திருக்கிறது, இந்த ஊரில் இதெல்லாம் தெரிந்தவர் நீங்கள்தானாமே, வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். கர்னல் மீசையைத் தடவிக்கொண்டார். டாக்டர் தன் காரிலேயே கூட்டிப் போனார். ஐஸ் தொழிற்சாலை தாண்டியது. தண்ணீர்த் தொட்டி தாண்டியது. கார் இடது பக்கம், மனைவியின் மனைக்குப் போகிற பாதையில் திரும்பியபோது கர்னல் மீசையிலிருந்து கையை எடுத்தார்.

குழியைச் சுற்றிக் கூட்டம். பயந்துபோய் போலீசுக்குச் சொன்ன மேஸ்திரி ஒரு பக்கம், நிருபர் ஒரு பக்கம். செங்கல் அடுக்கின் பக்கத்தில் மகள் நின்றாள். மனைவி கர்னலைப் பார்த்ததும் முகம் தெளிந்தார். அந்த முகத் தெளிவைக் கர்னல் பிறகு மறக்கப் படாதபாடு பட்டார். இத்தனை வருடத்தில் இவரால் ஒரு உபகாரம் நடக்கப்போகிறது என்று நினைத்திருக்க வேண்டும், பாவம். கிட்டே வந்து காதோடு சொன்னார்.

"சாக்கைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. உங்க சாமான்தானே? சொல்லிடுங்க. அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க."

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. ஆனால் மறுபக்கம் டாக்டர் குனிந்து, துருப்பிடித்த ஒரு வாளைப் பார்த்துவிட்டு, "அட, என் கூடத்துல மூணாவதா மாட்டியிருக்கேனே, அச்சு அசலா அதே மாதிரி" என்றார். இது போலி என்றால் அது என்ன என்ற கேள்வி அடுத்த மூச்சில் வரும். கர்னல் மனைவியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். அலுவலர் ஒரு குத்துவாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து நீட்டினார்.

"அசல்" என்றார் கர்னல்.

அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தாலாவது பாவம் குறைந்திருக்கும். கதை விட்டுப் பழகிய வாய் சும்மா இருக்குமா? பெயர் தெரியாத ஒரு படைப்பிரிவு, பின்வாங்கும்போது இங்கேதான் சுற்றி வளைக்கப்பட்டது, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ஆயுதங்களைத் தாங்களே புதைத்தார்கள் என்றெல்லாம் அருவியாகக் கொட்டியது. நிருபர் எழுதிக் களைத்துப்போனார். அலுவலர், குத்துவாளின் மரப்பிடியில் வரிசையாகத் தெரிந்த சின்னச் சின்னப் பள்ளங்களைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அந்தப் பிடி எந்த மரம், பரணிலிருந்து எப்போது இறங்கியது என்பதெல்லாம் கர்னலுக்குத் தெரியும். பிடியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். பிறகு, காயத்தில் வைத்தியர் கை வைக்கும்போது வலி தாங்க முடியாமல் ஒரு வீரன் கடித்த பல் தடம் என்றார்.

பல் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இது தன் துறையாயிற்றே.

"நல்ல கட்டான தாடை. ஆறடி ஆளுதான்" என்று முடிவு சொன்னார்.

மனைவி மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

மனையைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். தோண்டக்கூடாது, கட்டக்கூடாது, மீறினால் தண்டனை என்று ஒரு பலகை நட்டார்கள். செங்கல் மேல் பாசி பிடித்தது. வீடே இல்லாமல் மகள் கடனைக் கட்டிக்கொண்டிருந்தாள். கர்னலுக்கோ வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. சொந்த மனையிலேயே போர்க்களம் கிடைத்தவர் என்றால் சும்மாவா? வீட்டுக்குள் மட்டும் மனைவி அவரிடம் பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, சாப்பாடு இருக்கிறது என்று சுவரிலிருந்த வாளிடம் சொல்லிவிட்டுப் போவார். பல மாதம் அதைத் தாங்கியபின், கர்னல் ஒருநாள் கிளம்பி அலுவலர் முன்னால் போய் உட்கார்ந்து, உப்பு, வினிகர், ஈரச்சாக்கு என்று ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். சொல்லும்போது அழுகை வந்தது. அதில் நடிப்பு கிடையாது.

அலுவலர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு அந்தப் போர்க்களத்தால் பதவி உயர்வு வந்திருந்தது.

"புரியுது சார். பொண்ணு வீடு கட்டணும்னு இப்படி பேசறீங்க. அப்பான்னா அப்படித்தான். ஆனா சரித்திரம்னு ஒண்ணு இருக்கில்ல?"

வேண்டுமானால் உங்கள் கண் முன்னாலேயே ஒரு குத்துவாள் செய்து காட்டுகிறேன் என்று கெஞ்சினார் கர்னல்.

"செஞ்சு காட்டினா, நீங்க நல்லா காப்பி அடிப்பீங்கன்னுதான் சார் ஆகும். அசல் எப்படிப் போலியாகும்? நீங்களே சொன்னதுதானே" என்று சிரித்துவிட்டு, அருங்காட்சியகத் திறப்பு விழாவில் நீங்கள்தான் சிறப்புரை என்று அழைப்பிதழைக் கையில் கொடுத்தார். மூலையில் குடைகளோடு நிற்கும் வாள் கர்னலுக்கு ஞாபகம் வந்தது.

விழாவுக்கு மனைவி வருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். என் நிலத்தில் என்ன விளைந்தது என்று நான் பார்க்க வேண்டாமா என்று சுவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். கூடத்தின் நடுவே, தனி விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டியில் அந்தக் குத்துவாள் இருந்தது. அட்டையில் கர்னலின் கதை அழகான எழுத்தில் இருந்தது. மனைவி அதைப் படிக்கவில்லை. பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் நெற்றி முட்டுகிற மாதிரி குனிந்தார்.

"கரையான் அரிச்சிடுச்சுன்னீங்க" என்றார். பல மாதத்துக்குப் பிறகு கணவனைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இது உன் தொட்டில்டி. பல்லு முளைக்கறப்ப இந்தச் சட்டத்தைக் கடிச்சுக்கிட்டே நிப்ப. எங்கப்பா இதைத் தடவித் தடவிப் பாத்துச் சிரிப்பாரு."

பக்கத்தில் நின்ற பல் டாக்டர், அம்மா நல்லா தமாஷ் பண்றாங்க என்று கர்னலின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். மகள் அட்டையை நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தாள். மாணவர்களின் விடைத்தாளைத் திருத்துகிறவள் அல்லவா.

"அப்பா, வலி தாங்காம கடிச்ச அந்த வீரன் நான்தான்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. வீடுதான் போச்சு. பேராவது இருக்கட்டும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். கர்னல் பெட்டிக்குள் பார்த்தார். மூக்கு ஒழுக, ஈறு அரிக்க, சட்டத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்த குழந்தை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன சொல்லலாம் என்று தேடினார். ஊரில் உள்ள எல்லாச் செத்த சிப்பாய்க்கும் கதை வைத்திருந்தவரிடம், உயிரோடு நின்ற மகளுக்குச் சொல்ல ஒரு வரி இல்லை.

மேடையிலிருந்து அலுவலர் அவரைக் கூப்பிட்டார். கை தட்டினார்கள். உண்மையைச் சொல்ல இன்னொரு தடவை வாய்ப்பு, அதுவும் ஒலிபெருக்கியோடு. கர்னல் மேடை ஏறினார், தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் மனைவியையும் மகளையும் தேடினார். அவர்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் அந்தப் படைப்பிரிவைப் பற்றிப் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.