தட்டு எறியப் போன சனிக்கிழமைகள்

அறுபதை எட்டப் போகிற, முழங்கால் வலிக்காரியான நான் ஸ்ரௌவ்வில் ஊருக்கு வடக்கே ஒரு மலைக்காட்டில் சனிக்கிழமை தோறும் பிளாஸ்ரிக் தட்டு எறிந்து விளையாடினேன் என்று சொன்னால் எங்கள் சனம் நம்பாது. அந்த இடத்தை மகள் தெரிவு செய்ததற்கும் அதுதான் காரணம். அங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள்.

டிஸ்க் கோல்ஃப் என்று அதற்குப் பெயர். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. எறிந்த தட்டு எங்கே விழுந்ததோ அங்கே நடந்து போய், அங்கிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் கெட்டிக்காரர். வெட்டவெளியில் என்றால் இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு. இந்தக் காட்டிலோ பதினெட்டுக் கூடைகளையும் மேட்டு விளிம்பிலும் ஓடைக் கரையிலும் மேப்பிள் மரங்களுக்கு நடுவிலும் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். நேராக எறிந்தால் மரம். மரத்துக்குத் தப்பினால் சரிவு. தட்டு விளிம்பில் விழுந்து உருளத் தொடங்கினால் அடியில் உள்ள சேற்றில்தான் போய் நிற்கும், அதை எடுக்க இறங்கியவள் மீண்டும் ஏற வேண்டும்.

நான் எறிந்த முதல் தட்டு பத்தடி தாண்டவில்லை. முன்னால் நின்ற மரத்தில் அடித்துத் திரும்பி என் காலடிக்கே வந்தது.

"உந்த மரத்தை ஏன் உதிலை விட்டு வைச்சிருக்கினம்?" என்றேன்.

"அம்மா, அது எங்களுக்கு முன்னாலை வந்தது" என்றாள் மகள்.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதற்குப் பிறகும் பல நாள் மரங்களைத்தான் திட்டினேன். மகள் சிரிப்பாள். அவள் சிரிப்பதைக் கேட்டு அப்போது பல மாதங்களாகியிருந்தன. அதனால் தேவையில்லாமலும் திட்டினேன்.

அவளுடைய கலியாணம் நின்றுபோனதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்த மாப்பிள்ளை. அவளும் ஓம் என்றுதான் சொன்னாள். மண்டபம் எடுத்து, தாலிக்குப் பொன்னுருக்கி, அழைப்பிதழும் கொடுத்து முடித்த பிறகு ஒரு மாலை வேலையால் வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, தன்னால் இது ஏலாது என்றாள். காரணம் கேட்டோம், சொல்லவில்லை. இவர் கெஞ்சினார், பிறகு கத்தினார், பிறகு பேசாமல் மேலே போய்விட்டார்.

இவர் என்பது என் மனுசன். அழைப்பிதழைத் தபாலில் போடும் வழக்கம் எங்களிடம் இல்லை. நானும் இவரும் வீடு வீடாகப் போய்க் கையில் கொடுத்திருந்தோம். கலியாணம் நின்றதும், எல்லாருக்கும் போனில் சொல்லிவிடுவோம் என்றேன். இவர் சம்மதிக்கவில்லை.

"கையாலை குடுத்ததைப் போனிலை திருப்பி எடுக்கேலாது" என்றார்.

ஆகவே அதே வீடுகளுக்கு அதே உடுப்போடு திரும்பவும் போனோம். மார்க்கம், பிக்கரிங், ஸ்காபரோ என்று ஒவ்வொரு வீட்டிலும் கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்து, "பிள்ளையின்ரை கலியாணம் நிண்டு போச்சு, குறை நினைக்காதேங்கோ" என்று இவரே சொல்வார். எல்லா வீட்டிலும் ஏன் என்று கேட்டார்கள். எல்லா வீட்டிலும் இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அதுவரை என் மனுசன் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை. அகதியாக வந்து இறங்கிய காலத்தில் பாத்திரம் கழுவின இடத்திலும் நிமிர்ந்து நின்றவர். கடைசி வீட்டால் வந்து வாகனத்தில் ஏறியதும், "இனி நான் அவளின்ரை முகத்திலை முழிக்கமாட்டன்" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். அவளும் அவர் பெற்ற பிள்ளைதானே. அந்த மாதமே பிக்கரிங்கில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாய்க்கும் மகளுக்கும் சந்திக்க ஓரிடம் வேண்டும். கோப்பிக்கடைக்குப் போனோம், பக்கத்து மேசையில் தெரிந்த அன்ரி ஒருத்தி இருந்து, "பிள்ளை, இப்ப வேறை மாப்பிள்ளை ஏதும் பாக்கினமோ?" என்று கேட்டாள். கோயிலுக்குப் போனோம், அங்கே கேட்டவர்கள் இன்னும் அதிகம். அப்போதுதான் மகள், தான் வேலைத்தலத்துப் பிள்ளைகளோடு போகிற இந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குக் கிட்டவுள்ள பிளாசாக் கடைத்தொகுதியில் வந்து என்னை ஏற்றுவாள். இவருக்கு நான், மருந்துக்கடையில் என்னோடு வேலைசெய்கிறவளுடன் நடக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். சேறு பிடித்த சப்பாத்தை இவர் ஒருநாளும் கேள்வி கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மகளின் வாகனம் பழுது. சிநேகிதி ஒருத்தியோடு தான் நேரே வந்துவிடுவதாகச் சொன்னாள். நான் ரக்சிக்கு அழைத்துவிட்டு வாசலில் நின்றேன். இவர் வாகனத் திறப்போடு வெளியே வந்தார்.

"ரக்சி ஏன்? நான் கொண்டுபோய் விடுறன்."

"அது தூரம்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

வழி கேட்காமலே வாகனத்தை ஓட்டினார். எப்போது, எப்படித் தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. காட்டு வாசலில் உள்ள வாகனத் தரிப்பிடத்தின் கடைசி மூலையில், காட்டுக்குப் பின்புறம் காட்டி வாகனத்தை நிறுத்தினார். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. விளையாடி முடித்து வரும்வரை அங்கேயே இருந்தார். அடுத்த சனிக்கிழமையும் அவரே திறப்பை எடுத்தார். அதற்குப் பிறகு மகளின் வாகனம் திருத்தி வந்தும் என்னை ஏற்றிக்கொண்டு போனது இவர்தான். மழைக்கும் வந்தார், பனிக்கும் வந்தார். ஆனால் ஒருநாளும் மகளைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

மகளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தகப்பனின் வாகனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். "இட்ஸ் ஓகே அம்மா" என்றாள். ஒன்றும் சரியில்லை என்பது அவளுடைய நடையிலேயே தெரிந்தது.

அந்தக் காட்டில் ஏழாவது கூடைதான் பொல்லாதது. ஒரு பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து மேட்டுக்கு எறிய வேண்டும். நடுவில் ஹெம்லொக் மரங்கள் நெருக்கமாக நிற்கும், ஒரு ஆள் நுழையக்கூடிய இடைவெளிதான் இருக்கும். என்னுடைய தட்டு எப்போதும் பள்ளத்தில் விழும். இருவரும் வேர்களைப் பிடித்துப் பிடித்து இறங்கி, இலைச் சருகுக்குள் தேடுவோம். அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒருநாள்தான், நான் கேட்காமலே அவள் சொன்னாள்.

"அம்மா, அந்த மாப்பிள்ளை கெட்டவரில்லை. ஒரு பிழையும் இல்லை. அவரோடை கதைக்கேக்கை எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன். வீட்டை வந்து பாத்தா எனக்கு என்னையே பிடிக்கேல்லை. அதை அப்பாவுக்கு என்னண்டு சொல்லுறது?"

இதைப் போய் எந்த வீட்டுக் கதிரையில் இருந்து சொல்வது என்று நானும் யோசித்தேன். பிள்ளை சருகைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. சரிவில் கால் ஊன்ற இடமில்லாமல் கையை மட்டும் பிடித்தேன். அன்று இரவு அதை இவரிடம் அப்படியே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். அதோடு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

கடைசிக் கூடை ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. இலை கொட்டிய பிறகு அங்கே நின்றால் கீழே தரிப்பிடம் முழுவதும் தெரியும். ஒருநாள் அங்கே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது பார்த்தேன், இவர் வாகனத்துக்கு வெளியே நின்றார். தொப்பியில்லாமல், கைகளைக் குளிர்ச்சட்டையின் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, காட்டைப் பார்த்தபடி நின்றார். நாங்கள் இறங்கத் தொடங்கியதும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மகளும் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்தக் கூடையில் அவளுடைய விளையாட்டு மாறிப்போனது. முப்பது அடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவள், கைக்கெட்டும் தூரத்தில் நின்று தவறவிட்டாள். தட்டு கூடைக்கு மேலால் போகும், சரிவில் உருளும். இறங்கி எடுத்துக்கொண்டு வந்து, கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்ப எறிவாள். திரும்பத் தவறும். நாங்கள் மேலே நிற்கும்வரைதான் இவர் வெளியே நிற்பார் என்பது எனக்கு விளங்க இரண்டு வாரம் பிடித்தது. விளங்கிய பிறகு நானும் சேர்ந்து தவறவிட்டேன். எனக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் பொறுமையாக நின்றார்கள், ஒருவன் எனக்குக் கையை எப்படிப் பிடிப்பது என்றுகூடக் காட்டித் தந்தான். கீழே இவரும், மேலே இவளும். இடையில் உள்ளது ஒரு சின்ன மேடு. அதில் இறங்கவும் ஏறவும் இரண்டு பேருக்கும் நல்ல கால் இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

பிறகு அவளுக்கு வன்கூவரில் வேலை கிடைத்தது. அதை அவள் சொன்னதும் அந்தக் காட்டில்தான். நல்ல வேலை, விமானத்தில் ஐந்து மணித்தியாலம், வருசத்துக்கு ஒருமுறை வருவேன் என்றாள். வீட்டுக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை. இவரிடம் சொன்னபோது தலையாட்டினார். "எப்ப போறாளாம்?" என்றார். கலியாணம் நின்ற பிறகு அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

அதற்கு முதல்நாள் சனிக்கிழமை நாங்கள் கடைசியாக விளையாடினோம். நிலமெல்லாம் ஈரம். ஏழாவது கூடைக்கு நான் எறிந்த தட்டு, எப்படியோ தெரியாது, மரங்களுக்கு நடுவால் நுழைந்து பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கத்து மேட்டில் போய் விழுந்தது. மகள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். இருவரும் சிரித்துச் சிரித்து அழுதோம். கடைசி மேட்டில் அன்று அவள் தவறவிடவில்லை. ஒரே எறியில் தட்டு சங்கிலியில் அடித்துக் கூடைக்குள் விழுந்தது. தட்டை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"அம்மா, நான் போய் அப்பாவோடை கதைக்கப் போறன்" என்றாள்.

நானும் பின்னால் இறங்கினேன். சரிவில் அவள் என்னை விட்டுவிட்டு வேகமாகப் போனாள். தரிப்பிடத்தைத் தாண்டி, மூலையில் நின்ற எங்கள் வாகனத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நான் வந்து சேர்ந்தபோதும் அப்படியே நின்றாள். உள்ளே இவர் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, தொப்பியை நெற்றிவரை இழுத்து, கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

மகள் கண்ணாடியில் தட்டக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கிவிட்டாள். குனிந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல நித்திரை. களைச்சுப்போனார் போலை. விடுங்கோ அம்மா, எழுப்ப வேண்டாம்."

என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டுத் தன்னுடைய வாகனத்தை எடுத்துக்கொண்டு போனாள். அது தெருவில் ஏறி மறையும்வரை கை காட்டினேன். பிறகு கதவைத் திறந்து ஏறினேன். இவர் நிமிர்ந்து இருந்தார். இரண்டு கைகளும் சுக்கானில் இருந்தன. கண்ணில் நித்திரையின் அடையாளமே இல்லை.

"மெலிஞ்சு போனாள்" என்றார்.

நான் இருக்கைப் பட்டியை இழுத்துப் போட்டேன்.

"ஒருக்காத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தா நான் எழும்பியிருப்பன்."

அந்த நேரத்தில் அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அடிக்கவில்லை. போனைக் கையில் எடுத்தேன். "இப்பவே கூப்பிடுறன். பத்து நிமிசம்கூட ஓடியிருக்கமாட்டாள், திரும்பி வருவாள்" என்றேன்.

"அவள் வாகனம் ஓடேக்கை எடுக்காதையும்" என்றார்.

நான் கேட்காமல் எடுத்தேன். அவளுக்கு வாகனம் ஓடப் பழக்கியது இவர்தான். ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்று பக்கத்தில் இருந்து சொல்லிச் சொல்லி வளர்த்ததும் இவர்தான். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தேன், திரும்பவும் அடித்து ஓய்ந்தது. இவர் சுக்கானைப் பிடித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வாகனத்தைக் கிளப்பினார்.

பின்னேரம் அவள் அழைத்தாள். போனை இவர் பக்கம் நீட்டினேன். "நீர் கதையும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினார். பாதியில் நின்றுவிட்டார், மேலே போகவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை.

"கோல் பண்ணினீங்களோ? நான் ஓடிக்கொண்டிருந்தன் அம்மா" என்றாள். பெட்டிகள் கட்டி முடிந்ததாம். பிறகு மெல்லக் கேட்டாள்.

"நான் போன பிறகு அப்பா எழும்பினவரோ?"

"ஓம் பிள்ளை," என்றேன், "எழும்பினவர்."