விராலுக்கு மஞ்சள் தடவியவள்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. எதைச் சொன்னாலும் நாலு மிளகு கூடப் போடுகிற ஆள்தான் நான். நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த விரால் மீனுக்கு மஞ்சள் தடவியது நான் இல்லை.

பம்ப் ஆபரேட்டர் நூருல்லாவின் மகள் ஆசிஃபாவுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. தையல் ஆற விரால் நல்லது என்றார்கள். மார்க்கெட்டில் கிடைக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த நூருல்லா, தூண்டிலோடு தாமரையேரிக்குக் கிளம்பிவிட்டார். நிலக்கரி மைன்ஸுக்காக அந்த ஊரைக் காலி செய்து பல வருஷம் ஆகிறது. மிச்சமிருப்பது பாதி ஏரியும், முந்திரி முளைத்த குட்டிச்சுவர்களும்தான்.

உச்சி வெயில். மண்டையில் முட்டையை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகிவிடும். காக்கா குருவி இல்லை.

தவளைக்குஞ்சைக் கோத்துப் போட்டதும் இழுத்தது. முதலைக்குத் தம்பி மாதிரி ஒரு விரால். உடம்பெல்லாம் சாம்பல். வழுவழுப்புப் போக அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்களே, அந்தச் சாம்பல். சேறாக இருக்கும் என்று பையில் போட்டார்.

இரண்டாவது மீன். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்திருந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது...

மூன்றாவது, மீனே இல்லை. நடுத்துண்டு. உப்பும் மஞ்சளும் தடவியது.

தண்ணீருக்கு அடியில் கல்லில் எதையோ உரசும் சத்தம். சரக்... சரக்...

பையை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை முறுக்கினார். குவார்ட்டர்ஸ் வாசலிலேயே பூண்டு, மிளகு போட்ட மீன் குழம்பு வாசனை. ஆசிஃபா தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதும்மா மீனு?"

"நீங்கதானே அத்தா குடுத்து அனுப்பிச்சீங்க. ஒரு அம்மா கொல்லப்பக்கமா வந்து கொழம்பு குடுத்துட்டு, புள்ளையப் பாத்துக்கினே நின்னாங்க. பட்டம்மாளாம் பேரு."

கொல்லைச் சிமெண்டில் ஈரக் கால்தடம், அந்த வெயிலிலும் காயாமல். உள்ளே வந்த தடம்தான். போன தடம் இல்லை.

நூருல்லா வாயைத் திறக்கவில்லை. பிள்ளை பெற்றவள் பயந்துவிடக் கூடாது.

நாற்பதாம் நாள் வீட்டில் விருந்து வைத்தார்கள். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தனகோட்டி பலாப்பழத்தோடு வந்தார். நூருல்லாவோடு ஒரே ஷிஃப்ட். பிறந்த ஊர் தாமரையேரி. மனசு தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார் நூருல்லா.

"இன்னா பாய், வெயில்ல மண்ட காஞ்சிபோச்சா?" என்று சிரித்தார் தனகோட்டி. பேரைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"எங்க ஊர்ல புள்ள பெத்தவங்களுக்கு எல்லாம் பட்டம்மாதான் வெரால் கொழம்பு குடுக்கும். அது குடுத்து ஒரு வாய் தின்னுட்டாப் போதும்... நாப்பதாம் நாளு உச்சியில வந்து புள்ளைய ஏரிக்குத் தூக்கினு போயி காலு நனைச்சுரும்."

"நனைச்சா?"

"அப்புறம் அது எங்க ஊருப் புள்ள. எங்க போனாலும் ஒருநாளு அங்கதான் வந்து சேரும்பாங்க."

"அந்தம்மா இப்ப எங்க?"

"வெரால் புடிக்க ஏரியில எறங்குனது பாய். ஊரு காலியாவறதுக்கு மின்னாடி. கரையேறவே இல்ல."

மணி பன்னிரண்டு.

நூருல்லா உள்ளே ஓடினார். மனைவி ஜான் பீவியின் மடியிலிருந்து பேத்தியை வாங்கினார். கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். யார் கேட்டும் தரவில்லை.

கதவு தட்டப்படவில்லை. குழம்பு வாசனை இல்லை.

ஒரே ஒருமுறை, அவர் தோளுக்கு மேலே பார்த்துப் பிள்ளை சிரித்தது...

மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தது. உச்சி தாண்டிவிட்டது. அப்போதுதான் மூச்சு விட்டார். பிள்ளையை மகளிடம் நீட்டினார்.

துணியைப் பிரித்த ஆசிஃபா நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தா... புள்ளைய எங்க தூக்கினு போயிருந்தீங்க?"

இரண்டு உள்ளங்காலிலும் ஈரச் சேறு. விரலிடுக்கில் பச்சையாக ஒரு இழை ஏரிப்பாசி.