குழாய்க்குள் கேட்ட குரல்

யாராவது பேய் பிசாசுக் கதையை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அத்தோடு சரி. இரும்பைப் பிடித்து வேலை செய்தவன், கண்ணில் படாததை நம்பிப் பழக்கமில்லை. இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொண்ணூறுகளில் நானும் மணியமும் ஒன்றாக ஒரு பார்ஜில், அதாவது தட்டையான பெரிய மிதவைக் கப்பலில், வேலைக்குப் போனோம். எங்கள் தீவில், டத்தோ கிராமாட் என்ற இடத்தில், எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு நாட்டு எரிவாயுவை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக அந்தமான் கடலுக்கடியில் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். பார்ஜின் மேலேயே குழாய்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வெல்டிங் செய்து, பின்பக்கமாகக் கடலுக்குள் இறக்கிக்கொண்டே போக வேண்டும். குழாய்களின் வாயை நேராகப் பொருத்திக் கொடுப்பது என் வேலை, பற்றவைப்பது மணியம்.

அவன் மனைவி ராஜி அப்போது கர்ப்பம். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. பிரசவத்துக்கு நாள் நிறைய இருக்கிறது, அதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினான். நாங்கள் புறப்பட்ட அன்று ராஜி வாசலில் நின்றுகொண்டு, "சேகர் அண்ணே, இவரு வேலையில எறங்கிட்டா சாப்பாட மறந்துருவாரு, கொஞ்சம் பாத்துக்குங்கலா" என்றாள். அவள் முகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில், கிரேன் பழுதாகி வேலை நின்றுவிட்டது. எல்லாரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். நானும் மணியமும் மட்டும் குழாயின் திறந்த வாய்ப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குழாய் பார்ஜிலிருந்து இறங்கி மைல் கணக்கில் கடல் தரையில் போகிறது, மறுமுனையில் இரும்பு மூடி. உள்ளே வெறும் காற்று. அதற்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் காற்று என்று நினைத்தேன். மணியம் எழுந்து குழாய்க்குள் தலையை நுழைத்தான். வெளியே எடுத்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"ராஜிடா. எங்க இருக்கீங்கன்னு கேக்குறா."

"வெயில்ல ஒனக்கு மண்ட சூடாயிருச்சி, போய்ப் படு" என்றேன்.

அவன் கேட்கவில்லை. மறுபடியும் குனிந்து, "வந்துர்றேன் ராஜி, இதோ வந்துர்றேன்" என்று குழாய்க்குள் கத்திவிட்டு ஃபோர்மேனைத் தேடி ஓடினான். ஃபோர்மேன் வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். என்ன சொல்லிப் புரியவைத்தானோ தெரியாது, சாமான் கொண்டுவந்த படகு கரைக்குத் திரும்ப இருந்தது, அதில் ஏற விட்டுவிட்டார். மணியம் துணிப்பையைக்கூட எடுக்காமல் போனான்.

படகு கண்ணுக்கு மறைந்த பிறகு நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். காப்பி ஆறிப் போயிருந்தது. நம்பினால் நம்புங்கள், உள்ளேயிருந்து தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, அவரு கெளம்பிட்டாரா?"

அந்தக் குரலில் இருந்த வேதனை, அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? குனிந்து, "கெளம்பிட்டான்மா. நீ கவலப்படாத" என்றேன். பிறகு மறுபடியும் அவள் ஏதோ கேட்க ஆரம்பித்தாள், "அப்புறம் அண்ணே..." அதற்குள் கிரேன் சரியாகி உறுமத் தொடங்கியது, ஆட்கள் ஓடி வந்தார்கள். அடுத்த குழாய் வந்து வாயில் பொருந்தியது, அந்த இரைச்சலில் அவள் குரல் அமுங்கிவிட்டது. மணியத்துக்குப் பதில் வேறொருவன் பற்றவைக்க, அதைக் கடலுக்குள் இறக்கினோம்.

மணியம் படகிலும் பஸ்ஸிலும் மாறி மாறிப் பட்டர்வொர்த் துறைக்கு வந்து, தீவுக்கு ஃபெரி பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் ராஜி போய்விட்டாள். முன்கூட்டியே வலி எடுத்திருக்கிறது. குழந்தையைக் காப்பாற்ற முடிந்தது, பெண் குழந்தை. ராஜியின் உடலைத் தூக்குவதற்கு முன்னால் மணியம் வந்து சேர்ந்தானே என்று எல்லாரும் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

என் முறை முடிந்து நான் ஊருக்கு வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்த ராஜியின் அக்கா குழந்தையை மடியில் வைத்திருந்தார். குழாய்க்குள் கேட்டதைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. அவராகத்தான் பேசினார்.

"அன்னிக்கி மத்தியானம் ஆஸ்பத்திரியில வலியில துடிச்சிக்கிட்டு இருந்தாப்பா. திடீர்னு அடங்கிட்டா. அண்ணன் சொல்லிட்டாரு, அவரு கெளம்பிட்டாராம்னு சிரிச்சா. எங்களுக்கு ஏதுப்பா அண்ணன்?"

குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறம் என்னமோ வாய்க்குள்ளயே கேட்டா. கேட்டுட்டு, டெலிபோன்ல பேசுற மாதிரி காதக் குடுத்துக்கிட்டுப் பேசாம இருப்பா. மறுபடியும் கேப்பா. பதிலே வரல போல. கண்ணு மூடுற வரைக்கும் அப்படித்தான் காத்துக்கிட்டு இருந்தா."

மணியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு கடல் வேலைக்கு நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. மகள் வளர்ந்து அவளுக்கும் கல்யாணமாகிவிட்டது. இப்போதும் காப்பிக் கடையில் உட்கார்ந்து வேறு எதையோ பேசிக்கொண்டிருப்போம், நடுவில் மணியம் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பான்.

"யோசிச்சிப் பாருடா சேகரு. அப்புறம் அண்ணேன்னு சொன்னாளே, அதுக்கு மேல ஒரு வார்த்தகூடவா ஒனக்குக் கேக்கல?"