பெயர் மறைத்துக் கேட்டவர்

ஓசூர்க்காரர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. சிப்காட் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்குமா, காவேரிப்பட்டினத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நம்ம ஊர் காப்பீட்டு அட்டை பெங்களூரில் செல்லுமா என்று எதையும் கேட்பார்கள். பெரும்பாலும் முதல் பதில் என்னுடையதாக இருக்கும். அங்கே எனக்குப் புனைபெயர். வீட்டில்கூட அதைச் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பெயரை மறைத்து ஒரு பெண் கேட்டிருந்தார். மார்பில் கட்டி, மூன்று மாதமாக இருக்கிறது, வலி இல்லை, ஓசூரிலேயே காட்டலாமா, பெங்களூர் போகவேண்டுமா? படித்ததும் பயந்துவிட்டேன். வலி இல்லையென்று விடாதீர்கள், வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே போய்க் காட்டுங்கள் என்று எழுதினேன்.

வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார், எழுப்பினால் எரிந்து விழுவார் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று தட்டிவிட்டேன். அதற்குப் பத்துப் பேர் லைக் போட்டார்கள்.

அந்தப் பெண் கணவனை விட்டுக்கொடுக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கண்ணா. அவருக்குத் தூக்கம் முக்கியம். காலிங் பெல் ஒயரையே கழட்டி, கம்பெனி மஞ்ச டேப்பு சுத்தி வெச்சிருக்காரு. பகல்ல நான் குக்கர்கூட வெக்கறதில்ல."

அந்த டேப்பைக் கம்பெனியில் நான் வேலைபார்க்கும் லைனிலிருந்து எடுத்துவந்து சுற்றியவன் நான்தான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது. மூன்று மாதமாக அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவளை வாயைத் திறக்கவிடாமல் தூங்கியிருக்கிறேன்.

கதவைத் தட்டினேன். திறந்தவள் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, குழுவில் நீ எழுதியதைப் பார்த்துவிட்டேன் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. திட்டப்போகிறேன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்.

"அங்க ஒரு அண்ணன் இருக்காருங்க. யாரு எப்பக் கேட்டாலும் ஒடனே பதில் சொல்றாரு."