சாரத்தில் நின்ற தாய்மாமன்

நாங்கள் சாரம் கட்டுகிறவர்கள். ஒரு கட்டிடம் எழும்போதோ, எழுந்தது பழுதாகும்போதோ அதைச் சுற்றிக் கம்பும் கயிறுமாக ஒரு கூடு கட்டிக் கொடுப்போம். கொத்தனாரும் சுண்ணாம்படிக்கிறவரும் அதில் ஏறி நின்று வேலை பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் கூட்டைப் பிரித்துக்கொண்டு போய்விடுவோம். பிறகு அந்தக் கட்டிடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் இருந்ததே தெரியாது. தெரியாமலிருப்பதுதான் எங்கள் சோலிக்கு அழகு.

எனக்கு ஊர் ஆயக்குடி. கல்யாணமான புதிதில் கோடைக்கானலுக்கு வேலைக்கு ஏறினேன். அங்கே மிஷன் பள்ளிக்கூடங்களிலும் துரைமார் விட்டுப்போன பங்களாக்களிலும் எப்போதும் ஏதாவது ஒரு சுவர் ஒழுகிக்கொண்டிருக்கும். அப்பன் முருகன் புண்ணியத்தில் எங்களுக்கு வேலை ஓயவில்லை.

எங்கள் கூட்டத்தில் எந்தச் சாமானையும் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டோம். எல்லாம் உறவுமுறைதான். மண்ணில் குழி தோண்டி நட்டுவைக்கிற நெட்டைக் கம்பு மாப்பிள்ளை. "அவரு ஒரு வேலையும் செய்ய மாட்டாரு, விறைச்சுக்கிட்டு நிப்பாரு. மத்தவுகதான் அவரச் சுத்திச் சுத்தி வரணும்" என்பார் மேஸ்திரி. ஒரு முனை நம் பக்கமும் மறுமுனை சுவர்ப் பொந்துக்குள்ளும் இருக்கிற குட்டைக் கம்பு சம்பந்தி. ஏறி நடக்கிற பலகை மாமியார். நடுவில் மிதித்தால் கத்தும். ஓரத்தில் மிதித்தால் தூக்கி அடிக்கும். எல்லாரும் சாயாமல் இருக்க வெளியே நின்று சரிவாக முட்டுக் கொடுத்துப் பாரத்தை வாங்கிக்கொள்கிறதே, அந்தக் கம்பு தாய்மாமன். குடும்பத்தில் யாருக்கு என்ன செய்முறை வந்தாலும் கடைசியில் அவர் தலையில்தானே விடியும்.

கம்பையும் கம்பையும் சேர்த்து நார்க்கயிற்றால் போடுகிற கட்டுக்குத் தாலி என்று பெயர். இறுகிப்போன கட்டுக்குள் நுழைத்து நெம்புவதற்கு ஒரு மான்கொம்பு வைத்திருப்போம். அது சாமியார். பந்தத்தை அவிழ்க்கிறவர் அவர்தானே.

தாலி விஷயத்தில் எங்களுக்கு ஒரு நியமம் உண்டு. போட்ட கட்டைக் கத்தி வைத்து அறுக்கக் கூடாது. அதுமட்டுமல்ல, கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். கயிற்றை எந்தப் பக்கம் சுற்றினோம், நுனியை எங்கே சொருகினோம், எந்தக் கம்பு எதன்மேல் பாரம் வைத்திருக்கிறது என்பதெல்லாம் கட்டிய கைக்குத்தான் தெரியும். வேறொருவன் கை வைத்தால் ஆள் உயிர் போகும். காரணம் இதுதான் என்றாலும் நாங்கள் அதைக் காரணமாக நினைத்ததில்லை. சாமிக்குப் போட்ட முடிச்சுப் போலத்தான் நினைத்தோம்.

ஒரு வருஷம் கன்னியாஸ்திரிகள் மடத்துக் கோயில் கோபுரத்துக்குச் சாரம் கட்டினோம். மணி தொங்குகிற கோபுரம். மடத்துத் தலைவியை எல்லாரும் மதர் என்பார்கள். வெள்ளைக்காரி, தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் நாள் எங்கள் மேஸ்திரி கீழேயிருந்து, "மாமியாளக் கயித்துல கட்டி மேல தூக்குங்கடா! சம்பந்திய இன்னும் நல்லாச் செவுத்துக்குள்ள சொருகு!" என்று கத்தியதைக் கேட்டு ஜெபமாலையோடு ஓடி வந்துவிட்டார். விளக்கிச் சொன்னபிறகு, தினமும் காலையில் வந்து, "மாப்பிள்ளைகள் சுகமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்.

வேலை முடியும் தறுவாயில், பழனிக்கு மலைவாழைக்காய் ஏற்றிப்போகிற பொதிக்குதிரைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஊரிலிருந்து வாய்வார்த்தையாகச் செய்தி. என் தங்கச்சி மகளுக்குத் திங்கட்கிழமை பழனி அடிவாரத்தில் மொட்டை போட்டுக் காது குத்துகிறார்களாம்.

என் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அவளுக்கும் நான் ஒருத்தன்தான். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்த வேறு தாய்மாமன் கிடையாது. அவளைக் கட்டிக்கொடுத்தது கன்னிவாடியில். அந்த வீட்டில் யார் வாயும் சும்மா இருக்காது. நான் போகாவிட்டால் வேறு யார் மடியிலாவது உட்கார்த்திக் குத்திவிடுவார்கள். ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே என் தங்கச்சியை ஆயுசுக்கும் குத்துவார்கள்.

மடத்தில் ஞாயிற்றுக்கிழமை திருநாள். அதற்குள் சாரத்தைப் பிரித்துக் கொடுப்பதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமைக்குள் முடித்துவிட்டு ஞாயிறு வெள்ளனே குதிரைக்காரர்களோடு இறங்கினால் சரியாக இருக்கும் என்று நானும் கணக்குப் போட்டேன்.

ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டால் மூடுபனி. நார்க்கயிறு நனைந்து ஊதிப் போனால் முடிச்சு கல்லாகிவிடும். சாமியாரை நுழைக்கவே இடமிருக்காது. கோபுரத்தின் உச்சிக் கட்டும், வாசல் பக்கத்து முட்டுகளும் என் கை. மற்றவர்கள் அவரவர் கட்டை ஒருவழியாக அவிழ்த்தார்கள். நான் நகம் பெயர நெம்பிக்கொண்டிருந்தேன்.

மதர் குடையோடு வந்து அண்ணாந்து பார்த்தார். "கத்தியால் வெட்டிவிட்டால் என்ன மேஸ்திரி? கயிறுதானே?"

"கயிறுதாங்க. ஆனா எங்க பயலுக வெட்ட மாட்டானுங்க தாயே" என்றார் மேஸ்திரி. "உங்க கோயில்ல ஜோடி சேத்து வச்சத நீங்க வெட்டுவீகளா?"

"இல்லை, வெட்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு மதர் போனார். சற்று நேரத்தில் எங்களுக்குச் சுடச்சுடக் காப்பி வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது மேலே இருந்ததெல்லாம் இறங்கிவிட்டது. கோயில் வாசலுக்கு நேரே ஒரு மாப்பிள்ளையும், அதற்கு முட்டுக் கொடுத்த ஒரு தாய்மாமனும் மட்டும் நின்றார்கள். இரண்டையும் சேர்த்து நான் போட்ட தாலி. என் பலம் முழுக்க வைத்து நெம்பியும் அசையவில்லை. மான்கொம்பின் முனை உடைந்ததுதான் மிச்சம்.

எங்களோடு வேலை செய்த வட்டக்கானல்காரர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். என் வயதுதான். ஏணிக்கடியில் நின்று சத்தம் போட்டார்.

"ஏலே, எறங்குலே! பேயி முடிச்சாவுல போட்டு வச்சிருக்க!"

"நாளைக்கு வெயில் வந்தா அவுந்துரும்."

"நாளைக்கு நீ இங்கன இருந்தா, அங்க பிள்ளைய யாரு மடியில வைப்பாக? எம்மடியிலயா?"

"உம்மடியில வச்சா பிள்ளை வழுக்கி விழுந்துரும்லே. தொந்தி வேற" என்றார் மேஸ்திரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போப்பா. வெரசாப் போயி மூட்டையக் கட்டு."

"வாசல்ல கம்பு நிக்குதேங்க. நாளைக்குத் திருநாளு. உங்க வாக்கு என்னாகுறது?"

"நிக்கட்டும். ரெண்டு கம்பு. யார் தலையிலயும் விழாது, மண்ணுல நல்லா எறங்கித்தான் கெடக்கு. மதர்ட்ட நான் பேசிக்கிறேன். நீ வர்ற வரைக்கும் ஒருத்தனும் அதத் தொட மாட்டான்."

வாக்குத் தவறாத மனுஷர் அவர். வேலை ஒப்படைக்கும்போது ஒரு குச்சி கிடந்தால்கூடக் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு வருவார். திருநாளன்று ஊரே வருகிற வாசலில் இரண்டு கம்பை நிறுத்திவைக்கச் சம்மதித்தார் என்றால் அது எனக்காக. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்னைய எதுக்குக் கும்பிடுற? அங்க போயி அவன்ட்ட சொல்லு" என்று பழனி இருக்கும் திசையைக் காட்டினார்.

ஞாயிறு விடியும்போதே இறங்கினேன். முன்னால் வாழைக்காய்ப் பொதியோடு குதிரைகள், பின்னால் நான். வழியெல்லாம் சறுக்கல். பனி விலகி, கீழே பழனி மலை சிறு கூம்பாகத் தெரிந்த இடத்தில் குதிரைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். அந்த மலைவாழைதான் பஞ்சாமிர்தமாகப் போகிறது. சாமிக்குப் போகிற சரக்கோடு சேர்ந்து போகிறவனுக்கு என்ன குறை வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை அடிவாரத்தில் பத்தர் ஊசியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கச்சி மாப்பிள்ளையின் அண்ணன், "தாய்மாமன் மலையேறிட்டாரு, இனி எறங்க மாட்டாரு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாராம். நான் சேறும் சகதியுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்த பிள்ளையைத் தங்கச்சி தூக்கி என் மடியில் போட்டாள். அவ்வளவுதான். பத்தர் குத்தினார். பிள்ளை என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறியது. கன்னிவாடிக்காரர்கள் முறைப்படி எனக்குப் புதுத்துண்டு கட்டி, நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். மலை ஏறி அப்பனைப் பார்த்தேன். நானும் முடி கொடுத்தேன்.

மொட்டைத் தலையோடும் பஞ்சாமிர்த டப்பாவோடும் கோடைக்கானல் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். மடத்து வாசலில் என் கம்புகள் அப்படியே நின்றன. ஆனால் மாப்பிள்ளையின் உச்சியில் ஒரு கொடி. அதிலிருந்து கோயில் வாசல்வரை காகிதத் தோரணம். பக்கத்தில் தாய்மாமன் கம்பின் நுனியில் சந்தனம் பூசி, ஒரு வெள்ளைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார்கள்.

வட்டக்கானல்காரர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "அங்க உனக்கு மரியாதை செய்றப்ப இங்க இவரு மட்டும் சும்மா நின்னா மொகம் கோணுவாரா இல்லியா? அதான் எந்துண்டக் கட்டி விட்டேன். மொட்டை உனக்கு எடுப்பாத்தாம்லே இருக்கு!"

"மதர் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன இதுன்னு கேட்டாக. இந்த மாதிரி, தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் போயிருக்காருன்னு மேஸ்திரி சொன்னாரு. விழுந்து விழுந்து சிரிச்சாக. அவுத்துராதீங்க, அப்படியே இருக்கட்டும்னுட்டாக. கொடிய அவுகதான் கட்டச் சொன்னது. திருநாளன்னைக்குச் சப்பரம் இவரச் சுத்தித்தான்யா போச்சு."

மேஸ்திரி ஒரு புது மான்கொம்பை நீட்டினார். ஏணியில் ஏறினேன். கயிறு வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்தது. நுனியை எங்கே சொருகினேன் என்று விரலுக்குத் தெரிந்தது. ஒரு நெம்பு, தாலி தானாக நெகிழ்ந்து கொடுத்தது. கீழே இரண்டு பேர் தாய்மாமனைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். துண்டு மட்டும் அவிழாமல் அவர் தலையிலேயே இருந்தது.

மதர் வந்து பிள்ளை அழுததா என்று கேட்டார். அழுதது என்றேன். பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கம்பைத் தூக்கிப்போகிறவர்களைப் பார்த்து, "மெதுவாக, மெதுவாக! பெரிய மனிதர்" என்றார்.