சுப்பம்மாவின் குடலும் என் பேனாவும்

2023 பெப்ரவரி 11: சுப்பம்மா 1,500 ரூபா. நான் 1,500 ரூபா.
மார்ச் 11: சுப்பம்மா 1,500. நான் 1,500.
ஏப்ரல் 22: சுப்பம்மா 2,500. நான் இல்லை.
மே 20: சுப்பம்மா 2,500. நான் இல்லை.

இது பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வுக் குழு எங்களுக்குக் கொடுத்த செலவுக் காசு. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை அறிய, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது பேரின் மலத்தைச் சேகரித்தார்கள். மூடியில் சிறு கரண்டி பொருத்திய டப்பா ஒன்று தருவார்கள். கூடவே ஒரு குறிப்புப் புத்தகம். தின்றது, குடித்தது, விழுங்கிய மாத்திரை எல்லாவற்றையும் அதில் நேரத்தோடு எழுத வேண்டும்.

நான் தோட்ட அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் ஆட்களின் நாட்கணக்கு எழுதிய கிளாக்கர். சுப்பம்மா என்னைவிட மூன்று வயது இளையவள். பதினான்கு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள், ஐம்பத்தைந்தில்தான் இறக்கி வைத்தாள். மரம் முறிந்து விழுந்து கணவன் செத்தபோது அவளுக்கு முப்பத்தொன்று. மகள் பல்லேகலையில் தையல் வேலை செய்கிறாள். பேத்தி தர்ஷிகாவை வளர்ப்பது சுப்பம்மாதான். எழுத்தில் அவளுக்குக் கையெழுத்து மட்டும் வரும். ஆகவே அவளுடைய புத்தகத்தையும் நானே எழுதினேன். தினமும் மாலை வந்து சொல்லுவாள்.

"காலையில ரெண்டு ரொட்டி, கட்டசம்பல், சாயத்தண்ணி."

"எத்தனை மணிக்கு?"

"ஸ்கூல் புள்ளைங்க போனப்பறம்."

"மணியைச் சொல்லு சுப்பம்மா."

"ரொட்டி திங்கிறப்ப யாரு ஐயா மணி பாக்குறா?"

ஏப்ரலில் முதல் முடிவுகளோடு டிலானி வந்தாள். ஆய்வுக் குழுவில் இருந்த இளம்பெண். தாய் கண்டிச் சிங்களவர், தகப்பன் யாழ்ப்பாணத்தவர். என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அம்புறோஸ் ஐயா, இப்பிடி ஒரு புத்தகம் நான் காணவே இல்ல. ஆனா 2009இல இருந்து ஒவ்வொரு நாளும் வயித்தெரிச்சல் குளிசை எடுக்கிறதா எழுதியிருக்கிறீங்கள். அது குடலை மாத்தும். இனி உங்களைச் சேர்க்க ஏலாது."

நான் அதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். என் குடலுக்கு ஐந்தாறு நிறக் கோடுகள். சுப்பம்மாவின் கட்டத்தில் நிறங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. நாற்பது பேரில் இவ்வளவு வகை நுண்ணுயிர் வேறு யாரிடமும் இல்லையாம். சாப்பாடா, வேலையா, தண்ணீரா, காரணம் இன்னும் தெரியாது என்றாள். இரண்டாம் கட்டத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். சுப்பம்மா அதில் முதல் ஆள், அவள் காசும் அன்றே 2,500 ஆனது.

சுப்பம்மாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. "நாப்பது வருசமா எத்தன கிலோ எடுத்தேன்னுதான் கேட்டாங்க. இந்தப் புள்ளதான் என்னா சாப்புட்டேன்னு கேக்குது," என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். குழாயடியில் என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினாள்.

"கிளாக்கர் ஐயா, ஒங்க டப்பாவ இனி கேக்க மாட்டாங்களாமே? கழுவி ஊறுகா போட்டு வச்சுக்குங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரம் அவள் தின்றதையே தின்று பார்த்தேன். வாய்வு மட்டும் வந்தது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் அவள் ரொட்டியை எழுதும்போது நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு என் குளிசை உதவவில்லை.

மே 8 அன்று அவளுக்குக் காய்ச்சல். மருந்தகத்தில் வெறும் பனடோல் குளிசை பத்து கொடுத்தார்கள். உறையை என்னிடம் காட்டினாள். நான் புத்தகத்தில் எழுதினேன்: "அன்டிபயோடிக், ஐந்து நாள்." அதை விழுங்கியவரை மூன்று மாதத்துக்குச் சேர்க்கக் கூடாது என்ற விதி எனக்கு மனப்பாடம்.

மே 20 அன்று டிலானி அந்த வரியில் நின்றாள். "அம்மா, இது குடிச்சனீங்களா? அப்ப இரண்டாம் கட்டம் இல்லையே."

"பனடோல்னுதான் நெனச்சேன்," என்றாள் சுப்பம்மா. என்னைப் பார்த்தாள். "ஐயா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்."

நான் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24 அன்று டிலானி மீண்டும் வந்தாள், இம்முறை டப்பாக்களை வைக்கும் ஐஸ் பெட்டி இல்லாமல். சுப்பம்மாவையும் என் வாசலுக்கு வரச் சொன்னாள்.

"அம்மாட மே மாச டப்பாவில ஒண்டுமே குறையேல்ல. அஞ்சு நாள் அன்டிபயோடிக் எடுத்தா எத்தனையோ வகை செத்திருக்கோணும். அப்ப அது அம்மாட டப்பா இல்ல, எங்கட லாப்பில மாறியிருக்கு. எது எப்ப மாறினதெண்டு தெரியாதபடியா, அம்மாட நாலு டப்பாவையும் ஆய்விலயிருந்து நீக்கப் போறம்."

"புத்தகத்தில் பிழை இருக்கலாமே," என்றேன்.

"உங்கட புத்தகத்திலயா? அம்புறோஸ் ஐயா பிழையா எழுத மாட்டார் எண்டு நான்தான் எங்கட புரொபெசர் சேரோட சண்டை பிடிச்சனான்."

சுப்பம்மாவின் குடல் உண்மையைச் சொல்லியிருந்தது. என் கையெழுத்தை நம்பி அதைக் குப்பையில் போடப் போகிறார்கள்.

"அது நான் எழுதின பொய்," என்றேன். "அவ குடிச்சது பனடோல்தான்."

சுப்பம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கொழுந்து ரெண்டு கிலோ கொறஞ்சா அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளத்த வெட்டுவீங்க. அது தோட்டத்துத் தொரைக்குப் பயந்து. இத எழுதச் சொன்னது யாரு ஐயா?"

"யாரும் சொல்லல்ல. பொறாமை."

"எம்மேலயா?" கண்ணை அகல விரித்தாள். "இருந்திருந்து என் பீ மேலயா ஐயா பொறாமப்பட்டீங்க?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிலானி சிரிக்கவில்லை. நான் சொன்னதை எழுதிக் கையொப்பமிடச் சொல்லி ஒரு தாளை நீட்டினாள். திகதியும் நேரமும் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை முதல் சுப்பம்மா என் வாசலுக்கு வருவதில்லை. ஆய்வுக் குழுவின் கடிதம் அவள் பெயருக்கு வந்தது. அதை வாசித்துக் காட்டவும் என்னைத் தேடவில்லை. தர்ஷிகா உரக்க வாசித்தாள், வேலிக்கு இப்பால் நின்று கேட்டேன். சுப்பம்மாவை மறுபடி இரண்டாம் கட்டத்துக்குத் தெரிவு செய்திருக்கிறார்கள். குறிப்புப் புத்தகத்தை இனிப் பேத்தி எழுத வேண்டும். பிள்ளை நேரத்தைச் சரியாக எழுதுவாளா என்று எனக்குச் சந்தேகம். எனக்குக் கடிதம் ஏதும் இல்லை. அவளுக்கு அது வந்த நாள் 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை.